ஸக்கரியாவின் இரண்டு படங்களும் எமது முறைப்பாடும்



சினிமாவில் முஸ்லிம் என்றால் ஒன்றில் குண்டு வைப்பவன், இல்லையேல் சிரிப்புக்கு வந்து போகிறவன். இந்த முறைப்பாட்டை நாம் எல்லோரும் சொல்கிறோம். நியாயமானதுதான். ஆனால் முறைப்பாட்டோடு நிற்காதவர்களும் இருக்கிறார்கள். கேரளாவின் மலப்புறத்தைச் சேர்ந்த இயக்குநர் ஸக்கரியா முஹம்மத் அவர்களில் ஒருவர்.

2018இல் வந்த 'சூடானி ஃப்ரம் நைஜீரியா' அவரது முதல் படம். செவன்ஸ் எனும் எழுவர் உதைபந்தாட்டத்துக்கு மலப்புறம் பேர் போனது. அங்கு விளையாட வந்த நைஜீரிய இளைஞன் காயப்பட்டு, குழுவின் மனேஜர் மஜீதின் வீட்டில் படுக்கிறான். மஜீதின் உம்மாவும் பீயும்மாவும் பாஷை தெரியாமலேயே அவனைப் பெற்ற பிள்ளைபோல் பார்க்கிறார்கள். படத்தில் பயான் எதுவும் இல்லை. ஆனால் அந்த இரு தாய்மாரையும் பார்த்தவருக்கு எமது சமூகத்தைப் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை. அதேநேரம், ஆபிரிக்கர் எல்லோரையும் 'சூடானி' என்றே அழைக்கும் ஊர்ப் பழக்கத்தைத் தலைப்பிலேயே வைத்தார். உம்மாவின் இரண்டாவது கணவரோடு மஜீத் முகம் கொடுத்துப் பேசாததையும் அவர் மறைக்கவில்லை.

அப்படத்துக்குக் கேரள அரசின் ஐந்து விருதுகளும், சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தன. 2019 டிசம்பரில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து, தேசிய விருது விழாவுக்குப் போவதில்லை என்று அறிவித்தார்.

அடுத்தது 2020இல் வந்த 'ஹலால் லவ் ஸ்டோரி'. மார்க்க வரம்புக்குள் ஒரு படம் எடுக்கப் புறப்படும் இயக்கத்தினரின் கதை. கணவன் மனைவியாக நடிப்போர் நிஜத்திலும் கணவன் மனைவியாக இருக்க வேண்டும் என்கிறார்கள். சிரிப்பு வருகிறது, ஏளனம் இல்லை. இயக்கத்தாரை நல்லவர்களாகவே காட்டிவிட்டார் என்று சிலர் குறை கண்டார்கள். எமக்கு அப்படித் தெரியவில்லை. நடிப்பின் ஊடே மனைவியின் மனக்குறை வெளியே வரும்போது, பேணுதலான வீட்டுக்குள்ளும் கேட்கப்படாத பேச்சு உண்டு என்பதை அவர் கூசாமல் காட்டுகிறார்.

எமது ஊர்களில் தமிழ்த் தினப் போட்டிக்கு நாடகம் எழுதும் பிள்ளையிடம், "இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. எழுதினாலும் ஊரின் குறை எதுவும் வெளியே வரக் கூடாது என்பார்கள். குறையே இல்லாத மனிதரை யார்தான் நம்புவார்கள்? தன் ஊரின் குறையையும் சேர்த்துச் சொன்னதால்தான் ஸக்கரியா காட்டிய நல்லதை உலகம் நம்பியது.

வரம்புகளைப் பற்றிப் பேச வேண்டும், பேசுவோம். ஆனால் எமது பிள்ளையின் கையிலிருந்து பேனையைப் பறித்துவிட்டு, அடுத்தவர் எம்மைப் பற்றிப் பிழையாக எழுதுகிறார் என்று முறையிடுவதில் என்ன நியாயம்?