வீட்டுக்குள் ஒரு நடைபாதை

நடப்பதற்கும் ஒரு பொறி வேண்டுமோ என்று நம் பாட்டனார் காலத்தவர் வினவுவாராயின், அவ்வினாவுக்கு விடை கூறுதல் எளிதன்று. கிணற்றடியிலிருந்து தோட்டத்துக்கும், தோட்டத்திலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து கோயிலுக்கும் நடந்தே வாழ்ந்தவர்கள் அவர்கள். இன்றோ, தொடர்மாடி வீடுகளில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றிலே, விறாந்தையின் ஒரு மூலையில், கறுப்புப் பட்டியொன்று சுழலும் நடைப்பொறி இடம்பிடித்துக்கொண்டது. ட்றெட்மில் என்று கடைக்காரர் கூறும் இப்பொருளை நடைப்பொறி என்றே நாம் இங்கு வழங்குவோம். விலை குறைந்ததும் மடித்து வைக்கத்தக்கதுமான வகையே நடுத்தரக் குடும்பங்களின் கண்ணைக் கவர்கின்றது. அதனைப் பற்றியே இவ்வாரம் பேச எண்ணுகின்றோம்.

இப்பொறியின் பூர்வீகம் மாணவர்கள் அறிந்திருக்கவேண்டியதொன்று. அது பிறந்த இடம் சிறைச்சாலை. 1818ஆம் ஆண்டிலே வில்லியம் கியூபிற் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், வேலையின்றிச் சோம்பியிருந்த கைதிகளுக்கென்று பெருஞ்சில்லொன்றை வகுத்தார். படிகள் பொருத்திய அச்சில்லின்மீது கைதி ஏறிக்கொண்டே இருப்பான். படியோ கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அவ்வலுவைக் கொண்டு தானியம் அரைத்தனர், நீர் இறைத்தனர். 'மில்' என்னும் சொல் பெயரில் ஒட்டியிருப்பதன் காரணம் இதுவே. எழுத்தாளர் ஒஸ்கார் வைல்ட் 1895இல் கடூழியச் சிறைத்தண்டனை பெற்றபோது அவரும் இதனை மிதித்தவரே. 1898ஆம் ஆண்டின் சிறைச்சாலைச் சட்டத்தோடு இக்கொடுமை இங்கிலாந்தில் ஒழியத் தொடங்கிற்று. பின்னர் 1952இல், அமெரிக்காவின் உவாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், றொபேட் புரூஸ் என்னும் இதய வைத்தியரும் வெயின் குவின்ரன் என்பாரும் மோட்டோரால் இயங்கும் நடைப்பொறியை நோயாளரின் இதயத்தைச் சோதிக்கப் பயன்படுத்தினர். மணிக்கு 2.7 கிலோமீற்றர் வேகத்திலும் நூற்றுக்குப் பத்து ஏற்றத்திலும் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கொரு முறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிச் செல்லும் புரூஸின் முறையை வைத்தியசாலைகள் இன்றும் கையாளுகின்றன. வில்லியம் ஸ்ரோப் என்னும் பொறியியலாளர் வீட்டுக்கேற்ற மலிவான பொறியைச் செய்தது அதற்கும் பின்னர். கெனத் கூப்பர் என்னும் வைத்தியர் தேகப்பயிற்சி பற்றி 1968இல் வெளியிட்ட நூலைப் படித்த பின்னரே அவருக்கு அவ்வெண்ணம் உதித்தது. அரசாங்கம் குற்றவாளிக்கு இலவசமாகக் கொடுத்த தண்டனையை நாம் இன்று தவணைப் பணம் செலுத்தி வீட்டுக்குக் கொண்டு வருகின்றோம்!

சென்ற மாதம் நம்மிடம் முன்பு கல்வி கற்ற ஒருவர் கொழும்பிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். தாயார் காலமான பின் தந்தையாரை ஊரிலிருந்து அழைத்து வந்து வெள்ளவத்தையிலே தம்முடன் வைத்திருக்கின்றார். முதியவருக்கு அறுபத்தெட்டு வயது, நீரிழிவு உண்டு. ஊரிலே நாள்தோறும் ஒழுங்கை வழியே நடந்தவர், இங்கு நான்காம் மாடியில் கதிரையே தஞ்சமென்று இருக்கின்றார். "சேர், பகலிலை வெயில், பின்னேரம் வாகனம். அப்பா றோட்டிலை இறங்கப் பயப்பிடுறார். சின்னதா ஒரு மெசின் வாங்கலாமோ?" என்று கேட்டார். அவருடைய சம்பளத்தை நாம் அறிவோம். பிள்ளைகள் இருவரின் செலவும் அதற்குள்ளேதான். பணம் வீணாகாமலும், முதியவர் விழுந்து எலும்பு முறியாமலும் இக்காரியம் நடக்கவேண்டும். அவருக்குக் கூறியவற்றையே இங்கும் எழுதுகின்றோம்.

நடக்க வேறு வழியுள்ளவர் இதனை வாங்கவேண்டா என்பது நம் கட்சி. யாழ்ப்பாணத்திலே பண்ணைக் கடலோரத்தில் காலையிலும் மாலையிலும் நடப்போரைக் காண்கின்றோம். கொழும்பில் சுதந்திரச் சதுக்கத்திலும் விகாரமகாதேவிப் பூங்காவிலும் நடப்பதற்குக் கட்டணமில்லை. ஆனால் அவ்விடங்களுக்குச் செல்ல முடியாத முதியவர், கைக்குழந்தையை விட்டு வெளியேற இயலாத தாய், இருட்டிய பின்னரே வீடு திரும்பும் உத்தியோகத்தர் ஆகியோருக்கு இப்பொறி ஆடம்பரமன்று. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிவுரையின்படி வளர்ந்தோருக்கு வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம் என்று கொள்க. அதனையும் ஒரே மூச்சில் நடக்கவேண்டுமென்பதில்லை. உணவின் பின் பத்துப் பத்து நிமிடமாக நடப்பது, நீரிழிவுடையோருக்கு இரத்தத்தில் சீனி ஏறுவதைத் தணிக்கும்.

இனிக் கடைக்குச் செல்வோம். விளம்பரத் தாளிலே பெரிய எழுத்தில் இருப்பது மோட்டோரின் பரிவலு. மூன்று பரிவலு, நான்கு பரிவலு என்றெல்லாம் எழுதியிருப்பர். அது பெரும்பாலும் ஒரு கணம் மட்டுமே தரக்கூடிய உச்சவலு. தொடர்ந்து தரக்கூடிய வலுவே நமக்கு வேண்டியது. மாணவரே, உங்கள் பௌதிகப் பாடம் இங்கு உதவும். ஒரு பரிவலு என்பது 746 உவாற்று. பொறியின் அடியிலோ முன்புறத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அது எத்தனை உவாற்று மின்வலுவை உட்கொள்ளும் என்று அதில் இருக்கும். உட்கொள்வது 750 உவாற்று என்றால், சக்திக் காப்பு விதியை மீறி அது தொடர்ந்து மூன்று பரிவலுவைத் தரப்போவதில்லை. ஒரு பரிவலுவும் முழுமையாகக் கிடையாது. எனினும் இதனால் மனந்தளர வேண்டியதில்லை. நடப்பதற்கு மட்டுமாயின் தொடர்வலு ஒன்று, ஒன்றேகால் பரிவலு போதும். ஓடுவதற்கு இரண்டும் அதற்கு மேலும் வேண்டும். மலிவான மடிப்புப் பொறியில் நாள்தோறும் ஓட எண்ணும் இளைஞர், அப்பணத்துக்கு நல்லதொரு சோடி சப்பாத்து வாங்கிக்கொண்டு மைதானத்துக்குச் செல்வதே மேல்.

அதே தகட்டிலே உவோற்றளவையும் பார்த்தல் வேண்டும். கனடாவிலுள்ள உறவினர் தாம் பயன்படுத்திய பொறியை அன்போடு கப்பலில் அனுப்புவதுண்டு. அந்நாட்டு மின்சாரம் 120 உவோற்று; நமது 230 உவோற்று. அப்படியே செருகினால் ஒரு நொடியில் புகைதான். இலண்டனிலிருந்து வருவதற்கு இத்தொல்லை இல்லை.

பட்டியின் அகலம் நடப்பதற்கு 40 சென்ரிமீற்றருக்குக் குறையலாகாது. முதியவருக்கு 45 இருந்தால் நன்று. நடக்கும்போது அவர்கள் சற்றே பக்கம் சாய்வதுண்டு. பொறி தாங்கும் நிறை என்று குறித்திருப்பதிலிருந்து பதினைந்து இருபது கிலோவைக் கழித்துவிட்டு, மிகுதியே உண்மையென்று கொள்ளுங்கள். கைபிடிகள் இருபுறமும் நீண்டிருத்தல் வேண்டும். கைபிடியே இல்லாத தட்டையான பலகை வகையொன்று இப்போது மிகவும் மலிவாகக் கிடைக்கின்றது. கட்டிலின் கீழே தள்ளிவிடலாம் என்று ஆசை காட்டுவர். நம் நண்பரின் தந்தையார் போன்றோருக்கு அது ஆகவே ஆகாது. மின்சாரமே வேண்டாத, காலால் தள்ளி உருட்டும் வகையும் அப்படியே. பட்டி நகர்வதற்காக அதனை ஏற்றமாகவே வைத்திருப்பர். முழங்கால் நோவுடையோர் இரண்டாம் நாளே கைவிடுவர்.

மடிப்பு என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மடித்தால் சிறிதாகிவிடும் என்று நினைப்போம். மடிக்கும் பொறியின் நிறையோ முப்பது நாற்பது கிலோ. அதனைத் தூக்கி நிறுத்தும் கை யாருடையது? கடையிலே விற்பனையாளர் ஒரு விரலால் உயர்த்திக் காட்டுவதைப் பார்த்து மகிழாமல், வீட்டில் யார் உயர்த்தப்போகின்றாரோ அவரை அழைத்துச் சென்று உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே இறங்கும்போது தடாலென்று விழாமல் மெல்ல இறங்கும் தாங்கி உண்டா, நிறுத்திய பின் பூட்டு நன்கு விழுகின்றதா என்பனவும் பார்க்கத்தக்கவை. சப்பாத்து அணிந்து சென்று, கடையிலேயே பத்து நிமிடம் நடந்து பார்க்க வெட்கப்படலாகாது. பொறி ஆடினால், அடி விழுந்தோறும் வேகம் தயங்கினால், வேறு பாருங்கள். மோட்டோருக்கு எத்தனை ஆண்டு, மின்பலகைக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் திருத்துவோர் எங்கே இருக்கின்றனர் என்பதையும் எழுத்தில் பெறுதல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் வாங்கியதைத் திருத்தக் கொழும்புக்கு அனுப்புங்கள் என்று சொன்னால், வண்டிக் கூலியிலேயே மலிவெல்லாம் கரைந்துவிடும்.

வீட்டில் எங்கே வைப்பது? பின்னால் இரண்டு மீற்றர், அதாவது ஆறரை அடி, வெறுமையாக இருத்தல் வேண்டும். விழுபவர் பின்னோக்கியே வீசப்படுவார். அங்கே சுவரோ அலுமாரியோ இருந்தால் பட்டிக்கும் அதற்குமிடையே சிக்கிக்கொள்வார். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்கும்முன் பலகையின் உயரத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள். எனினும் காற்று அவசியம். வெளியே நடக்கும்போது நாமே காற்றைக் கிழித்துச் செல்கின்றோம். இங்கோ நின்ற இடத்திலேயே நடப்பதால் வியர்வை உலர்வதில்லை. மாடி வீடாயின் தடித்த றப்பர் விரிப்பு வேண்டும். கீழ்வீட்டாரின் நித்திரையும் ஒரு பொருட்டே. நிலத்தொடுப்புள்ள சுவர்ச் செருகியில் நேராக இணைக்கவேண்டும். நீளக் கம்பியில் குளிர்ப்பெட்டியோடும் தொலைக்காட்சியோடும் சேர்த்து மாட்டுதல் தீவிபத்துக்கு அழைப்பு. மின்கட்டணம் பற்றி அஞ்சவேண்டியதில்லை. நடக்கும்போது 500 உவாற்று என்று வைத்தாலும் நாளுக்கு அரைமணி நேரத்துக்குக் கால் அலகு. மாதத்துக்கு ஏழரை அலகு.

சேலை முந்தானையும் சாரமும் பட்டிக்கு அருகே வரலாகாது. சாரத்தோடு நடப்பேன் என்று பிடிவாதம் செய்யும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்குக் காற்சட்டை வாங்கிக் கொடுப்பது பிள்ளைகளின் கடமை. ஏறும்போது பட்டியில் நில்லாமல் இருபுற ஓரங்களில் கால்வைத்து நின்று, ஆகக் குறைந்த வேகத்தில் அதனை ஓடவிட்ட பின்னரே காலை எடுத்து வைக்கவேண்டும். சிவப்பு நாடாவொன்று பொறியோடு வரும். அதன் நுனியை உடையில் கொளுவிக்கொண்டால், தவறும்போது அது இழுபட்டுப் பொறி நின்றுவிடும். பலர் அதனைப் பொறியிலேயே சுற்றி வைத்துவிட்டு வெறுமனே நடக்கின்றனர். 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தை யாரும் மறந்திருக்கமாட்டோம். இன்றும் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. போனால் பட்டி சட்டென்று நிற்கும், உடல் முன்னே செல்லும். ஆகையால் முதியவர்கள் கைபிடியை மெல்லத் தொட்டுக்கொண்டே நடப்பது நல்லது. அதில் பாரம் போட்டுத் தொங்கினால் நடையின் பயன் குறையும்.

முதல் ஐந்து நிமிடமும் இறுதி ஐந்து நிமிடமும் மெதுநடை. இடையே, பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் அளவு வேகம் போதும். பலருக்கு அது மணிக்கு நான்கிலிருந்து ஐந்தரை கிலோமீற்றருக்குள் அமையும். பொறியின் முகப்பிலே ஒளிரும் கலோரிக் கணக்கை நம்பிவிடலாகாது. உங்கள் நிறையைக் கேட்காத பொறி அதனை எவ்வாறு கணக்கிடும்? அறுபது கிலோ நிறையுள்ளவர் மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வேகத்தில் அரைமணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 100 கலோரி செலவாகும். ஒரு தேக்கரண்டி சீனியில் 20 கலோரி. நாளுக்கு மூன்று முறை, முறைக்கு இரண்டு கரண்டி சீனியிட்டுத் தேநீர் அருந்துபவர், நடந்தது முழுவதையும் குடித்துவிட்டு மேலும் ஒரு கரண்டி கடன் வைக்கின்றார்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டார் இதனைக் கவனிக்க. ஓடும் பட்டியின் பின் உருளையிலே விரல் வைத்தால் தோல் உரிந்துபோகும். 2021இல் அமெரிக்காவிலே ஒரு குழந்தை பொறியின் கீழ் இழுபட்டு இறந்ததன் பின்னர், விலையுயர்ந்த வகையொன்றில் ஏறத்தாழ 125,000 பொறிகள் மீளப்பெறப்பட்டன. நடந்து முடிந்ததும் திறப்பை உருவி அலுமாரியில் வைத்து, செருகியையும் கழற்றிவிடுங்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. பட்டிக்கும் பலகைக்கும் இடையே சிலிக்கன் எண்ணெய் சில துளிகள், கைநூலில் குறித்த காலத்துக்கொரு முறை இடவேண்டும். தேங்காயெண்ணெயும் தையற்பொறி எண்ணெயும் பட்டியைக் கெடுக்கும். பட்டி இடப்புறம் ஒதுங்கினால், பின்புறத்து இடப்பக்க ஆணியை வலஞ்சுழியாகக் கால் சுற்றுச் சுற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள், ஒரேயடியாக முறுக்கவேண்டா. கடலோர வீடுகளில் உப்புக் காற்று ஆணிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். வன்னியிலும் வலிகாமத்திலும் செம்மண் தூசியே எதிரி. மடித்து நிறுத்திய பொறியின்மீது ஈரத்துணி காயப்போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த ஈரம் சொட்டும் இடத்திலேதான் மோட்டோர் இருக்கின்றது.

நீரிழிவுடையோருக்கு மட்டும் இன்னொன்று. நடக்கத் தொடங்குமுன் வைத்தியரிடம் கேட்டுவிட வேண்டும். மாத்திரையோ ஊசியோ எடுப்போருக்கு நடையால் சீனி அளவு மட்டுக்கு மீறி இறங்கவும் கூடும். கையெட்டும் தூரத்தில் இனிப்பு ஏதேனும் இருக்கட்டும். வெறுங்காலோடு ஏறலாகாது. உணர்ச்சி குறைந்த பாதத்திலே சப்பாத்துக் கடித்த புண் தெரியாமலே வளர்ந்துவிடும். ஆகையால் நடந்து முடிந்ததும் மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ இரு பாதங்களையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். கொப்புளமோ சிவப்போ கண்டால் அது ஆறும்வரை பொறி மடிந்தே இருக்கட்டும். நெஞ்சில் இறுக்கமோ, தலைச்சுற்றோ, வழக்கமற்ற மூச்சிளைப்போ தோன்றினால் அக்கணமே நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.