கப்பல் பணிக்குச் செல்வோரின் சான்றுகள், சரிபார்ப்புகள் தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கப்பல் பணியாளர்களும் குடும்பத்தாரும் சேர்ந்த சங்கம்,
திருநாவலூர், உளுந்தூர்பேட்டை வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், கள்ளக்குறிச்சி; முதன்மை அலுவலர், கடல்சார் வணிகத் துறை, சென்னை; ஆணையர், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, சென்னை.

பொருள்: கப்பல் பணிக்குச் செல்லும் எங்கள் பகுதி இளைஞர்களுக்கு வருவாய்த் துறைச் சான்றுகளும் காவல் சரிபார்ப்பும் உரிய காலத்தில் கிடைக்கச் செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நம் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. கரும்பும் சவுக்கும் போட்டுப் பிழைக்கும் ஊர் எங்களுடையது. ஆனாலும் பத்தாம் வகுப்பு முடித்து, ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் (கப்பல் பொதுப் பணியாளர்) பயிற்சி எடுத்து, சரக்குக் கப்பலில் ஏறிய பிள்ளைகள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். வாய்க்காலில்லாத காணியை நம்பியிருந்த குடும்பங்கள் அவர்கள் அனுப்பும் சம்பளத்தில்தான் கடனை அடைத்தன, தங்கைகளைப் படிக்க வைத்தன. அந்தப் பிள்ளைகள் கடலில் படும் பாட்டைவிடக் கரையில் காகிதத்துக்காகப் படும் பாடு பெரிதாக இருக்கிறது என்பதாலேயே இந்த மனுவைத் தங்களிடம் கொண்டுவந்திருக்கிறோம்.

கப்பலேறும் ஒருவன் கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம். பாஸ்போர்ட் வேண்டும். கடலோடிப் பதிவுக்கான இன்டோஸ் எண் வேண்டும். பத்தாண்டு செல்லும் சி.டி.சி. எனும் கப்பல் பணிப் புத்தகம் வேண்டும். உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி, பணிப் பாதுகாப்பு, கப்பல் காவல் ஆகிய அடிப்படைப் பயிற்சிகளின் சான்றுகள் வேண்டும். அவற்றில் உயிர்காப்பையும் தீயணைப்பையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற மருத்துவரின் தகுதிச் சான்று இரண்டு ஆண்டுதான் செல்லும். 2019 முதல் முகப்பதிவு கொண்ட கடலோடி அடையாள அட்டையும் சேர்ந்திருக்கிறது. இவை எல்லாவற்றிலும் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் ஆகியவை எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் இடறி விழுவது இந்த இடத்தில்தான்.

திருநாவலூர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாவட்டம்தான் மாறிக்கொண்டே வந்தது. 1993 செப்டம்பர் 30 வரை நாங்கள் தென்னார்க்காடு. அதன்பின் விழுப்புரம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. தகப்பனாரின் பள்ளிச் சான்றில் தென்னார்க்காடு, மகனின் பிறப்புச் சான்றில் விழுப்புரம், அவனது ஆதாரில் கள்ளக்குறிச்சி. ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரை எழுதும்போது முதல் எழுத்தான 'டி'க்குப் பின் ஓர் 'எச்' சில தாள்களில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகன் ஓர் அலுவலகத்தின் கவுன்டரில் இரண்டு தாள்களை நீட்டினான். அங்கிருந்தவர் இரண்டையும் அருகருகே வைத்து, விரலால் அந்த 'எச்'சைத் தொட்டுக் காட்டி, "இது வேற ஊர், இது வேற ஊர். ஒரே ஊர்தான்னு எழுதி வாங்கிட்டு வா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். யாரிடம் எழுதி வாங்குவது என்று சொல்லவில்லை. அவன் ஊர் திரும்பி, அலைந்து, ஒரு கடிதம் வாங்கிச் சென்னை போய்ச் சேர்வதற்குள் கப்பல் வேறோர் ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கம்பெனிகள் ஜாயினிங் தேதி சொல்லி மூன்று நாள், நான்கு நாள்தான் கொடுப்பார்கள். துறைமுகத்தில் கப்பல் யாருக்காகவும் நிற்காது.

பெயர் விஷயமும் இப்படித்தான். நம் வழக்கத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியாக வேண்டும். மதிப்பெண் பட்டியலில் மு. செல்வம் என்றிருப்பவர் ஆதாரில் செல்வம் முருகேசன் ஆகிறார், பாஸ்போர்ட்டில் முருகேசன் செல்வம் ஆகிறார். மூவரும் ஒரே ஆள் என்பது கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தெரியாது.

ஆகவே எங்கள் முதன்மையான கோரிக்கை இது. "இந்த வருவாய்க் கிராமம் முன்பு தென்னார்க்காடு, பின்பு விழுப்புரம், இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது, இந்த எழுத்து வேறுபாடுகள் அனைத்தும் ஒரே ஊரைக் குறிப்பவை" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சான்றையும், "இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே நபரைக் குறிப்பவை" என்று மற்றொரு சான்றையும், வட்டாட்சியர் கையொப்பத்துடன் இ-சேவை மையம் வழியாக ஏழு வேலை நாளுக்குள் தரும்படி தாங்கள் ஆணையிட வேண்டும். கப்பலேறுவோருக்கு மட்டுமல்லாமல் வெளிநாடு செல்லும் எல்லோருக்கும் இது உதவும்.

நாயன்மாரான சுந்தரர் பிறந்த ஊர் எங்களுடையது. அவரை ஆட்கொள்ள முதியவராய் வந்த சிவன், சுந்தரர் தம் அடிமை என ஓர் ஓலையைக் காட்டி வழக்காடியதையும், படி ஓலையைச் சுந்தரர் கிழித்துவிட, திருவெண்ணெய்நல்லூர் அவையார் மூல ஓலையை வாங்கி, சுந்தரரின் பாட்டனாரது கையெழுத்தை வேறொரு பழைய ஓலையோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னதையும் எங்கள் பகுதியில் அறியாதவர் இல்லை. மூலத்தைப் பார்த்து, ஒப்பிட்டு, அந்த அவையிலேயே முடித்தார்கள். அந்த முறையைத்தான் நாங்களும் கேட்கிறோம்: மூல ஆவணத்தைக் கொண்டுவருகிறோம், உள்ளூரிலேயே ஒப்பிட்டு முடித்துக் கொடுங்கள்.

அடுத்தது பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கான காவல் சரிபார்ப்பு. ஒப்பந்தக் காலம் முழுவதும் வீட்டில் இல்லாதவனைத் தேடிக் காவலர் வந்து, ஆள் இல்லை என்று எழுதிவிட்டால் விண்ணப்பம் அத்தோடு கிடக்கிறது. வருமுன் கைபேசியில் நேரம் சொல்லி வரவும், அவன் கடலில் இருந்தால் பெற்றோரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் விசாரித்துக் கப்பல் ஒப்பந்த நகலைப் பெற்று முடிக்கவும் நிலையங்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறோம். ஜாயினிங் கடிதம் காட்டுவோரின் விண்ணப்பத்தை முன்னுரிமையில் எடுக்க வேண்டும்.

கடலோடி அடையாள அட்டைக்கான பதிவைத் தமிழ்நாட்டில் சென்னையில்தான் செய்கிறார்கள். விடியுமுன் மடப்பட்டு வந்து பஸ் ஏறினாலும் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரம். ஒரு தாள் குறைந்தால் மறுபடி ஒரு நாள், மறுபடி பஸ் செலவு. ஆண்டுக்கு இரண்டு முறையாவது உளுந்தூர்பேட்டையிலோ விழுப்புரத்திலோ முகாம் நடத்தும்படி கடல்சார் வணிகத் துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். இடமும் மின்சாரமும் ஆள் உதவியும் எங்கள் பொறுப்பு.

போலி ஏஜென்டுகள் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலை வாங்கித் தர கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, கப்பல் பணிப் புத்தகம், பாஸ்போர்ட் போன்றவற்றின் செலவு மட்டுமே அவனைச் சேரும் என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா அதை 2015இல் ஏற்றுக்கொண்டது. ஆள் எடுக்கும் நிறுவனம் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். இது எதுவும் எங்கள் கிராமங்களுக்குத் தெரியாது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, போலிச் சான்றோடு துறைமுகம் வரை போய்த் திரும்பிய பிள்ளையை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவன் அதன்பின் வெகுநாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் எப்படிப் பார்ப்பது என்று விளக்கும் பலகையை ஊராட்சி அலுவலகங்களிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் வைக்க வேண்டும். புகார் வந்தால் சமரசம் பேசி அனுப்பாமல் வழக்குப் பதிய வேண்டும்.

கல்வராயன் மலையிலிருந்தும் பிள்ளைகள் எங்களிடம் வழி கேட்டு வருகிறார்கள். பழங்குடியினர் சாதிச் சான்று கோட்டாட்சியரிடம் பெற வேண்டியது. பயிற்சிச் சேர்க்கைக் காலத்தில் அது கையில் இல்லாவிட்டால் சலுகையும் இடமும் போய்விடும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் வெள்ளிமலையிலேயே முகாம் போட்டு வழங்க வேண்டுகிறோம்.

கடைசியாக, கடலில் உயிர் இழப்போரின் குடும்பம். சேமநல நிதி பெற வாரிசுச் சான்று வேண்டும். இறப்பு நடந்தது வெளிநாட்டுத் துறைமுகத்தில் என்றால், இந்தியத் தூதரகத்தின் பதிவையும் கப்பல் தலைவரின் குறிப்பையும் ஏற்று, உள்ளூர் இறப்புச் சான்று கேட்டு அந்தக் குடும்பத்தாரைத் திருப்பி அனுப்பாமல் இருக்க வழிகாட்ட வேண்டும்.

உறுப்பினர்கள் சிலர் தம் ஒப்புதலுடன் கொடுத்த ஆவண நகல்களை, வேறுபாடுகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு இத்துடன் இணைத்துள்ளோம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மூல ஆவணங்களுடன் நேரில் வரக் காத்திருக்கிறோம். எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
இடம்: திருநாவலூர்