வெள்ளைப் பூ பூத்ததெல்லாம் பார்த்தீனியம் இல்லீங்க

செங்கம் ரோட்டுல ரமணாசிரமம் பக்கம் மழைக்கு அப்புறம் நடந்து பாருங்க. காலி மனை, சாக்கடை ஓரம் எல்லாம் இடுப்பளவுக்கு ஒரு செடி. மேலே நொய்யரிசி தூவின மாதிரி வெள்ளைப் பூ. அதுதான் பார்த்தீனியம். 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்டது, இன்னைக்கு இந்தியா முழுக்க இருக்கு.

கிரிவலப் பாதையைச் சுத்தம் பண்ண வர்ற நல்ல மனசுக்காரங்களோடதான் எனக்குச் சண்டை. பள்ளிப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து வெறுங்கையால இதைப் பிடுங்க விடாதீங்க. போட்டோ நல்லா வரும், சரி. அந்தப் பிள்ளைக்கு அலர்ஜி வந்தா யார் பொறுப்பு?

பாதி நேரம் பிடுங்குறதும் தப்பான செடி. தரையோடு படர்ந்து, நீளக் காம்பில் ஒத்தைப் பூ, நடுவில் மஞ்சள் இருந்தா அது வெட்டுக்காயப் பூண்டு. நாம சின்ன வயசுல தலையைச் சுண்டி விளையாடின தாத்தாப்பூ. விட்டுடுங்க. பார்த்தீனியம் நிமிர்ந்து கிளைக்கும். இலை கேரட் இலை மாதிரி கிழிஞ்சிருக்கும். பூ கொத்துக் கொத்தா, ஒவ்வொண்ணும் மிளகு அளவுதான், மஞ்சளே கிடையாது.

"பத்து வருஷமா பிடுங்குறேன் டாக்டர், ஒண்ணும் ஆகல." இந்த வாதம் செல்லாது. இந்த அலர்ஜி முதல் நாளே வராது. திரும்பத் திரும்பப் பட்டுப் பட்டு ஒருநாள் உடம்பு எதிர்க்க ஆரம்பிக்கும். வந்துட்டா பெரும்பாலும் ஆயுசுக்கும் கூடவே இருக்கும். தொடக்கூட வேணாம், காய்ந்த செடியோட தூசி காத்துல வந்தாலே போதும்.

முகம், கழுத்து, முழங்கை மடிப்பில் அரிப்பு, தோல் தடிச்சுக் கறுத்துப் போகுது. உடனே "சூடு", "வெயில்"னு முடிவு கட்டிடுறோம். வெயில் அலர்ஜின்னா மேல் இமை, காதுக்குப் பின்னாடி, தாடைக்கு அடியில் பெரும்பாலும் தப்பிச்சிடும். காத்துல வர்ற தூசி அங்கேயும் போய் உட்காரும். கண்ணாடியில பாருங்க.

அப்புறம் மருந்துக்கடையில சீட்டு இல்லாம வாங்குற ஸ்டீராய்டு ட்யூப். நாலு நாள் அடங்கும், நிறுத்தினா மறுபடி கிளம்பும், மாசக்கணக்கில் தடவினா தோல் மெலிஞ்சு சிவந்துடும். தோல் டாக்டரைப் பாருங்க, பேட்ச் டெஸ்ட் இருக்கு.

பிடுங்கியே ஆகணுமா? பூக்கிறதுக்கு முன்னாடி, மண் ஈரமா இருக்கும்போது, கையுறை, முழுக்கை சட்டை, முகக்கவசத்தோட வேரோடு எடுங்க. முளைச்சு ஒரு மாசத்துலயே பூத்துடும், ஒரு செடியே 10,000 விதைக்கு மேல போடும். பூத்ததைப் பிடுங்கி ரோட்டோரம் குவிச்சு வைக்கிறதுக்கு, பிடுங்காமலே இருக்கலாம். ஏற்கெனவே அலர்ஜி, ஆஸ்துமா இருக்கிறவங்க கிட்டயே போக வேணாம்.

செடியில கறுப்பு வரி போட்ட சின்ன வண்டு இலையைத் தின்னுட்டு இருந்தா மருந்தடிச்சுக் கொன்னுடாதீங்க. 1980-களில் மெக்சிகோவிலிருந்து இதுக்காகவே வரவழைச்ச வண்டு அது.