பாட்டி தந்த பாட்டும் பண்டிதர் முகச்சுளிப்பும்

தமிழில் பாட்டு என்றால் திரைப்பாட்டுத்தான் என்ற மயக்கம் மலேசியத் தமிழரிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அம்மயக்கத்தை அசைத்த ஒரு தனிப்பாட்டு, 2021 மார்ச் 7ஆம் நாள் மாஜா என்னும் இசை நிறுவனத்தின் வழி வெளிவந்தது. 'எஞ்சாய் எஞ்சாமி' என்பது அதன் பெயர். எழுதியவர் அரக்கோணத்து அறிவு. தீ என்னும் பாடகியுடன் சேர்ந்து பாடியவரும் அவரே. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணனுடையது. காணொளியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். உலகெங்கும் பல கோடி முறை பார்க்கப்பட்ட அப்பாட்டு, புக்கிட் பெருந்துங் வட்டாரத்துச் சிறுவர் வாயிலும் புகுந்தது.

புகுந்தவுடன் தமிழறிந்தார் சிலர் முகம் சுளித்தனர். தலைப்பிலேயே ஆங்கிலம், நடையோ கொச்சை, இதனைப் பள்ளி வாயிலுக்குள் விடலாமா என்பது அவர்தம் வினா.

தலைப்பில் ஆங்கிலச் சொல் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயின் அடுத்த சொல்லை அவர்கள் நோக்கினார்களா? 'மரம்' என்பதும் 'சிறிது' என்பதும் புணர்ந்து 'மரஞ்சிறிது' ஆகும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவோர், 'என் சாமி' என்பது பாட்டியின் வாயில் 'எஞ்சாமி' ஆகும்போது மட்டும் காதைப் பொத்திக்கொள்வானேன்? வருமொழியின் வல்லெழுத்துக்கு இனமான மெல்லெழுத்து முன்னே வந்து நிற்கும் இயல்பு, நூல் கற்றவர்க்கும் நூல் கல்லாதவர்க்கும் பொதுவானது. பேரப்பிள்ளையைச் 'சாமி' என்று கொஞ்சும் வழக்கம் தோட்டப்புறத்துக்குப் புதிதா என்ன?

இனிப் பொருளுக்கு வருவோம். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். காணொளியில் அவரே தோன்றுகிறார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாடு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மாட்டுச் சந்தையிலும் இத்துணை எளிதாகக் கணக்கு முடியாது. காட்டை அழித்துத் தோட்டமாக்கியவனுக்குக் காலடி மண்ணும் சொந்தமில்லை என்ற அவலமே அப்பாட்டின் கரு. மரமும் பறவையும் முன்னோரும் அதில் வந்து நிற்பது அழகுக்காக மட்டுமன்று. இழந்த நிலத்துக்கு அவை சாட்சிகள்.

இக்கதை கடல் கடந்த கதை என்று எவரேனும் கருதினால், வட சிலாங்கூரில் நின்று சுற்றிலும் பார்க்கட்டும். புக்கிட் தாகார், சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், மேரி, மின்யாக் ஆகிய தோட்டங்களில் பால்மரம் சீவியவரும் செம்பனைக் குலை சுமந்தவரும் வீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். பெரட்டுக்களம் போயிற்று, லயம் போயிற்று. லயத்தில் பாடப்பெற்ற தாலாட்டும் ஒப்பாரியும் எங்கே போயின? தமிழ்ப் பாடநூல் மட்டுமே தமிழ் என்று மாணவர்க்குக் காட்டிய கல்விக்கு அவ்விழப்பில் பங்கில்லையா?

பண்டிதர் செய்தது இங்ஙனமாக, வணிக உலகம் செய்தது அதனினும் கொடிது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு, இப்பாட்டின் புகழையும் 'நீயே ஒளி' என்ற பாட்டின் புகழையும் சொல்லி, தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் அட்டையில் ஏற்றிற்று. இரண்டு பாட்டிலும் எழுத்துப்பங்கு உடைய அறிவு அந்த அட்டையில் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். அதன் பின்னரே அறிவுக்கு இணையவழி அட்டை ஒன்று கிடைத்தது. 2022 சூலை 28இல் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில், அறிவு இல்லாமலே அப்பாட்டு அரங்கேறியது. அப்போது அவர் அமெரிக்காவில் இருந்தார் என்பதும், தீயும் சந்தோஷ் நாராயணனும் தத்தம் விளக்கத்தை வெளியிட்டனர் என்பதும் உண்மையே. இசை அமைத்ததில் யாருக்கு எத்துணைப் பங்கு என்பதை அவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். பாட்டின் சொல் யாருடையது என்பதில் வழக்கே இல்லை. அச்சொல்லுக்கு உரியவன் பெயர் மீண்டும் மீண்டும் விடுபட்டுப் போவது தற்செயல் என்று நம்புவதற்கு மிகுந்த வெகுளித்தனம் வேண்டும். பணமாவது வந்ததா எனின், மூவருக்கும் அந்நிறுவனத்திடமிருந்து ஒரு காசும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே அறிவித்தார்! நிலமற்றவரைப் பாடிய பாட்டுக்குக் கூலியும் இல்லாமற் போயிற்று.

பள்ளிக் கலைவிழாக்களில் இப்பாட்டுக்கு ஆடும் குழந்தைகளின் நிகழ்ச்சித் தாளை எடுத்துப் பாருங்கள். நடனம் பயிற்றியவர் பெயர் இருக்கும். ஒலிபெருக்கி தந்தவர் பெயரும் இருக்கும். எழுதியவர் பெயர் இராது. ஆசிரியப் பெருமக்கள் அந்தத் தாளில் 'பாடலாசிரியர் அறிவு' என்று ஒரு வரி சேர்க்க எவரிடமும் ஒப்புதல் பெற வேண்டியதில்லை. அடுத்த வாரத் தமிழ்ப் பாடவேளையில், வீட்டிலுள்ள பாட்டியிடம் ஒரு பாட்டுக் கேட்டு, அவர் பெயரோடும் உழைத்த தோட்டத்தின் பெயரோடும் எழுதி வருமாறு மாணவரைப் பணிக்கவும் சுற்றறிக்கை தேவையில்லை. தோட்டத்தில் வேலை செய்த பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.