உச்சிக்குச் சில அடிகள் கீழே



அனுதினமும் மேற்கு மலையைப் பார்த்தே விழிக்கும் வாசுதேவநல்லூரார் நாம். இக்கோடையில் சிக்கிமின் கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவுக்குச் செல்ல விரும்புகிறவர்களே, பனிச்சிகரங்களையும் பனிப்பாறை ஏரிகளையும் கண்டு சிருஷ்டிகரைத் துதியுங்கள். ஒன்றை மறவாதிருங்கள்: 8,586 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தில் 1955-இல் முதன்முதலாக ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், அதைப் புனிதமாகக் கருதும் சிக்கிம் மக்களை மதித்து, உச்சியை மிதியாமல் சில அடிகள் கீழே நின்று திரும்பினார்கள்.

நாம் மலையை வணங்குகிறவர்கள் அல்ல. ஆயினும் தேவபர்வதமாகிய ஓரேபில் மோசே தன் பாதரட்சைகளைக் கழற்றினான். நாமோ நம் மலையடிவாரத்து ஓடையிலேயே பிளாஸ்டிக் பாட்டில்களை விட்டுவருகிறோம். துதித்த வாயால் குடித்த பாட்டிலை எறிவது துதியாகுமா? அடக்கமும் ஆராதனையே. அடுத்தமுறை மலைக்குச் செல்கையில், வேதாகமத்தோடு ஒரு வெறுங்கோணியையும் எடுத்துச் செல்லுங்கள்.