எழுதுகிறவரின் ஐபி மடலோடு போக வேண்டாம்

குடும்ப வன்முறை வழக்குகளை நடத்தும் ஒரு சிறிய அலுவலகத்தின் அஞ்சல் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். வழக்காடும் பெண்களுக்கும் அதில் கணக்கு உண்டு. சிலர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது கணவருக்குத் தெரியவே கூடாது. ஆனால் அவர்கள் ஒரு மடல் அனுப்பினால், எழுதிய இடத்தின் ஐபி முகவரியும் கூடவே போய்விடும். எழுதுகிறவரின் திரையில் அது தெரிவதில்லை. பெறுகிறவர் தேடினால் கிடைத்துவிடும்.

மடலை வாங்கும் ஒவ்வொரு சர்வரும், யாரிடமிருந்து எப்போது வாங்கியது என்று மடலின் தலைப்பகுதியான ஹெடரில் ‘ரிசீவ்ட்’ வரி ஒன்றைச் சேர்க்கிறது. மடல் வழியில் சிக்கினால் எங்கே என்று தேட அது தேவை. ஆனால் முதல் ரிசீவ்ட் வரியில் பதிவாவது எழுதியவரின் லேப்டாப்பின் ஐபி. ஐபியை வைத்து வீட்டு எண்ணைக் கண்டுபிடிக்க முடியாதுதான். ஊரைப் பல சமயம் ஊகித்துவிடலாம். ஒளிந்து வாழ்கிறவருக்கு அதுவே ஆபத்து.

அதனால் ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். கடவுச்சொல் கொடுத்து எங்கள் பயனாளர்கள் அனுப்பும் மடல்கள் மட்டும் அதன் வழியாகப் போகும். அந்த முதல் ரிசீவ்ட் வரியையும், மென்பொருளின் பெயரைச் சொல்லும் ‘யூசர் ஏஜென்ட்’ வரியையும் அது எடுத்துவிடும். உரையைத் திருத்தும் ‘செட்’ கட்டளையால் வரிவரியாக வெட்டுவதில் ஒரு வில்லங்கம் உண்டு. நீண்ட ஹெடர் மடங்கி, அடுத்த வரியில் இடைவெளி விட்டுத் தொடரும். முதல் வரியை மட்டும் வெட்டினால் மிச்சம் மேலே உள்ள ஹெடரோடு ஒட்டிக்கொள்ளும்; மறைக்க நினைத்த ஐபி அந்த மிச்சத்திலேயே இருக்கலாம். அதனால் ‘ஃபார்மெயில்’ என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன்; அது மடங்கிய வரிகளையும் சேர்த்தே நீக்குகிறது. மடல் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிகிம் கையெழுத்து இதற்குப் பிறகுதான் போடப்பட வேண்டும். கையெழுத்தில் அடங்கிய ஹெடரைப் பிறகு மாற்றினால் அது செல்லாமல் போகும்.

ரிசீவ்ட் வரியை நீக்கக் கூடாது என்று 2008இல் வந்த அஞ்சல் நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 5321 சொல்கிறதே என்று சக நிர்வாகிகள் கேட்கிறார்கள். சர்வர்களுக்கு இடையிலான வழித்தடத்தைக் காக்கும் விதி அது. அந்தத் தடத்தை நான் தொடுவதில்லை. என் சர்வர் தன் பயனாளரைப் பற்றி எழுதிய வரியை மட்டுமே எடுக்கிறேன். முழு விவரமும் சர்வரின் பதிவேட்டில் இருக்கிறது. காவல்துறை சட்டப்படி கேட்டால் கொடுப்போம். அதே விவரத்தை மடல் பெறும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டிய கட்டாயம் எங்கே இருக்கிறது? அனுப்புநர் பெயரிலும் தேதியிலும் நான் கை வைப்பதில்லை. அவற்றைத் திருத்தினால் மோசடி.

ஜிமெயில் இணையதளத்தில் எழுதும் மடலில் எழுதுகிறவரின் ஐபி வெளியே போவதில்லை. சொந்த சர்வர் வைத்திருக்கும் கல்லூரிகளும் சங்கங்களும் மருத்துவமனைகளும் தங்கள் ஆட்களுக்கு அதே பாதுகாப்பைத் தர வேண்டும். ஸ்கிரிப்ட் எழுத விருப்பமில்லாதவர்களுக்கு போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளில் ‘ஹெடர் செக்ஸ்’ என்ற வசதியே இருக்கிறது. வீட்டில் இருந்தபடி உங்கள் அலுவலகக் கணக்கிலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு மடல் அனுப்பி, அதன் மூல வடிவத்தைத் திறந்து பாருங்கள். வீட்டு ஐபி அதில் இருந்தால், சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் அதைக் காட்டி நீக்கச் சொல்லுங்கள்.