கட்டைகள் யாருடைய கைக்கு எட்டுகின்றன?

மஞ்சள் நிற மனித உருவம் ஒன்று இரு கைகளாலும் தன் மார்பைப் பிளந்து நிற்கிறது. உள்ளிருந்து கொட்டுவது குருதியன்று, சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கட்டைகள். நியூயார்க்கில் பெருநிறுவன வழக்குரைஞராக இருந்து சிற்பியாக மாறிய நேதன் சவாயாவின் படைப்பு இது. லெகோ கட்டைகளாலான அவருடைய சிற்பக் கண்காட்சி 2007 முதல் பல நாடுகளில் நடைபெற்றுவருகிறது. குழந்தையின் விளையாட்டுப் பொருள் கலையாக உயர்வது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தக் கட்டை எந்தக் குழந்தையின் கைக்கு எட்டுகிறது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் 1932-இல் ஒரு தச்சர் தொடங்கிய தொழில் அது. இன்றைய வடிவக் கட்டைக்கு 1958-இல் காப்புரிமை கோரப்பட்டது. எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் 91 கோடிக்கும் மேற்பட்ட வகைகளில் இணைக்கலாம். கற்பனைக்கு எல்லையில்லை, எல்லையை வகுப்பது விலை. சில வேளைகளில் நிறுவனமே வகுக்கிறது.

சீன அரசோடு முரண்பட்ட கலைஞர் ஆய் வெய்வெய், 2014-இல் அமெரிக்காவின் பழைய அல்கட்ராஸ் சிறையில், கருத்துக்காகச் சிறைப்பட்டோர், நாடுகடந்தோர் என 176 பேரின் உருவங்களை இக்கட்டைகளால் அமைத்தார். மறு ஆண்டு மெல்போர்ன் கண்காட்சிக்காக மொத்தமாகக் கட்டைகள் கேட்டபோது, அரசியல் படைப்புக்குத் தர இயலாது என்று நிறுவனம் மறுத்தது. பல நாட்டு மக்கள் தத்தம் வீட்டுக் கட்டைகளை அவருக்கு அளித்தனர். 2016 ஜனவரியில் நிறுவனம் அவ்விதியைக் கைவிட்டது. அக்கலைஞரின் கருத்துகளை ஏற்காதவர்களும் இதை மறக்கலாகாது: மூலப்பொருள் முதலாளியின் பிடியில் இருக்கும்வரை கலைச் சுதந்திரம் அவர் தயவில்தான் நிற்கும்.

இனி, புனேயையும் பிம்ப்ரி-சிஞ்ச்வாட் தொழிற்பகுதியையும் இணைக்கும் சாலையிலுள்ள தாபோடியைப் பாருங்கள். மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனை இங்குள்ளது. சட்டமும் தகடும் பொருத்திப் பேருந்துக்குக் கூடு கட்டும் தொழிலாளர்களின் இடம் அது. துண்டுகளை இணைத்து முழுமையாக்கும் கலையை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அரசு ஊழியராக ஏற்கப்பட வேண்டும் என்று அக்கழகத் தொழிலாளர்கள் 2021-22-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். இத்தகைய குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கில் விலைபோகும் கட்டைப் பெட்டி கடைக் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் காட்சிப் பொருள்தான்.

இதற்கு மாற்றும் இதே புனேயில் பிறந்தது. டெல்கோ ஆலையில் பணியாற்றிய பொறியாளர் அரவிந்த் குப்தா, 1978-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் பங்கேற்றார். தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் இணைத்து முக்கோணமும் நான்முகியும் கட்டக் கிராமக் குழந்தைகளுக்கு வழிகாட்டினார். பின்னர் புனே அறிவியல் மையத்தில் பல்லாண்டுகள் அப்பணியைத் தொடர்ந்தார். செய்முறைகளை இணையத்தில் இலவசமாகவே வழங்கினார்.

விளையாட்டுவழிக் கல்வி பற்றி 2020 தேசியக் கல்விக் கொள்கை அழகாகப் பேசுகிறது. பேச்சு போதாது. ஒவ்வொரு அங்கன்வாடியிலும் மாநகராட்சிப் பள்ளியிலும் கட்டி விளையாடும் பொருட்களை அரசு வைக்க வேண்டும். அவற்றைக் கையாளும் ஊழியருக்கு உரிய ஊதியம் தர வேண்டும். உழைப்பாளியின் பிள்ளை கண்காட்சியில் தொடாமல் பார்த்துத் திரும்பும் பார்வையாளராக மட்டும் இருக்கலாகாது. தானே கட்டுபவராக வேண்டும்.